முழு நாக்கோடு பலெர்மோவில் மூன்று நாள்

1

போன வெள்ளிக்கிழமை காலையில் என் கைபேசி தானாக ஒரு படத்தை எடுத்துக் காட்டியது. ‘ஒரு வருடத்துக்கு முன் இதே நாள்’ என்று மேலே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. கடதாசியில் சுற்றிய பொரித்த சோற்று உருண்டை, அதை நீட்டிப் பிடித்திருக்கும் என் மகள் மதுராவின் கை, பின்னால் வெயிலில் மஞ்சளடித்த ஒரு சுவர். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் நான் எடுத்த படம்.

அன்று என் நாக்கு முழுதாக இருந்தது.

ஊரிலிருந்து வரும் அழைப்புகளை நான் இப்போது எடுப்பதில்லை. வெளிநாட்டுப் பெருமை என்று சிலர் கதைப்பதாகக் காதில் விழுந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன். என் நாக்கில் ஏறக்குறையப் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இடது கையின் மணிக்கட்டுக்கு மேலிருந்து எடுத்த சதையைத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சதைக்கு உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. நான் கதைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே பாதிதான் விளங்கும். தொலைபேசியில் ஒன்றும் விளங்காது.

2

முதலில் அது ஒரு சின்னப் புண். நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில் இருந்தது. பல்தான் காரணம் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டேன். பிறகு பல் மருத்துவர், அவர் எழுதித் தந்த கடிதம், சதை எடுத்துச் சோதனை, பெரிய ஆஸ்பத்திரி என்று ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் முப்பத்தொரு வருடம் இருக்கிறேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் டெர்மின் எடுக்கவேண்டும். முன்கூட்டியே நாள் குறித்து, அந்த மணிக்குப் போய் நிற்கவேண்டும். புற்றுநோய்க்கும் அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார்கள்.

விளக்கம் சொல்ல வந்த மருத்துவர் வயதில் இளையவர், நல்லவர். தாளில் நாக்கைக் கீறி, மூன்றில் ஒரு பங்கைக் கோடு போட்டுக் காட்டினார்.

“பிறகு கதைப்பீர்கள், ஆனால் வேறு மாதிரி. சாப்பிடுவீர்கள், ஆனால் வேறு மாதிரி” என்றார்.

‘வேறு மாதிரி’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் அன்டர்ஸ் என்பார்கள். மெதுவான சொல். பக்கத்தில் இருந்த மதுரா அதையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அவள் பான் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் கணவர் இறந்து ஆறு வருடம். எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு ஒருவரும் இல்லை.

‘வேறு மாதிரிச் சாப்பிடுவது’ என்றால் என்ன என்று அந்த மருத்துவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவள் நான். விழுங்க முடியாதவர்களுக்கு உணவை அரைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. கரட்டை அவித்து, அரைத்து, கரட் வடிவ அச்சில் ஊற்றி, இறுகவைத்துத் தட்டில் வைப்பேன். கோழிக்குக் கோழிக்கால் அச்சு. பட்டாணிக்கு உருண்டை உருண்டையாக ஒரு அச்சு. பார்க்க வடிவாக இருக்கும். அங்கே ஒரு கிழவர் இருந்தார், முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். தட்டை வைத்ததும் தினமும் கேட்பார், “இது என்ன?” “கரட்” என்பேன். என்னைப் பார்ப்பார், கரட்டைப் பார்ப்பார், வாயை இறுக மூடிக்கொள்வார். கடைசிவரை அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மருத்துவர் கோடு போட்ட தாளைப் பார்த்தபோது எனக்கு அந்த மூடிய வாய்தான் நினைவுக்கு வந்தது.

3

இத்தாலிக்குப் போவது மதுராவின் யோசனை. எனக்கு உறைப்புப் பட்டால் கண்ணில் நீர் வரும். வீட்டில் மிளகாய்த் தூளில்லாமல் சமைத்தால் எனக்கே இறங்காது. புட்டையும் பாலையும் தின்று மெலிந்துகொண்டிருந்தேன்.

“அம்மா, ஒப்பரேசனுக்கு முதல் எங்கயாவது போய் நல்லாச் சாப்பிடுவம். உறைப்பில்லாத நாடு. வியாழன் போய் ஞாயிறு வாறம். திங்கள் ஆஸ்பத்திரியில நிண்டால் காணும்” என்றாள்.

“எனக்கேன் பிள்ளை இப்ப இத்தாலி?”

“எனக்கு வேணும்” என்றாள்.

சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் பட்டியல் எழுதுவாள். பலெர்மோவில் என்னென்ன சாப்பிடவேண்டும், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘மெத்து’, ‘கரடு’, ‘புளிப்பு’ என்று எனக்காகக் குறிப்பு. ஜெர்மன் மொழியில்தான் எழுதியிருந்தாள்.

புறப்படுவதற்கு முதல் நாள், புதன்கிழமை, வேலை இடத்தில் தகரப் பேணிகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். செவ்வாய்க்கிழமை டெர்மினை ரத்துச் செய்யச் சொன்னேன்.

“நிச்சயமாகத்தானா?” என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டாள்.

“நிச்சயமாக.”

“வேறு நாள் வேண்டுமா?”

“வேண்டாம்.”

சுத்தமான ஜெர்மனில் சொன்னேன். ஒரு பிழை இல்லை. சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருக்கிற நாக்கோடு இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மதுராவுக்கு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வந்த பிறகு சொல்வதாக முடிவு. அவளுடைய மூன்று நாளைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கப் பயம். கைபேசியின் சத்தத்தை நிற்பாட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

4

வியாழக்கிழமை மத்தியானம் பலெர்மோவில் இறங்கினோம். வெயில், கடல் வாசம், சத்தம். சந்தைத் தெருவில் மீன்காரர்கள் கத்திய கத்தில் எனக்கு ஒரு நிமிடம் உடம்பு இலேசானது. ஜெர்மனியில் கடைக்காரர் கத்தி நான் கேட்டதே இல்லை.

முதலில் அந்தச் சோற்று உருண்டை. வெளியே பொரித்த ரொட்டித் தூள், உள்ளே மஞ்சள் சோறும் இறைச்சியும். படம் எடுத்துவிட்டு ஒரு கடி கடித்தேன். தூள் கண்ணாடிச் சில்லு மாதிரி புண்ணில் கீறியது. திரும்பி நின்று கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“குடுங்கோ” என்று மதுரா வாங்கி, மேல் கோதை முழுக்க விரலால் உரித்துத் தான் தின்றாள். உள்ளே இருந்த சோற்றை எனக்கு ஊட்டினாள். நடுத்தெருவில், முப்பது வயதுப் பிள்ளை, அறுபதை நெருங்கும் தாய்க்கு. ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கடலைமாவைக் கிண்டி, தகடாக வெட்டிப் பொரித்து, பணிஸ் என்னும் வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். மெத்தென்று இருந்தது. கடைக்காரர் கேட்காமலே தேசிக்காய் பிழிந்துவிட்டார். அந்தப் புளி போதும், புண்ணில் எரிய. அதையும் மதுராவே சாப்பிட்டாள். பின்னேரம் வாதுமைப் பாலை உறையவைத்துச் சுரண்டிய ஐஸ் ஒரு கோப்பை. குளிரில் நாக்கு மரத்துப்போய், நோவில்லாமல் இனிப்பு மட்டும் இறங்கியது. அன்றைக்கு முழுதாக நான் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

“பாத்தீங்களே, நான் சொன்னனான்தானே!” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். பட்டியலில் அதற்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, டெர்மினை ரத்துச் செய்ததை உள்ளே வைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. நான்கே மேசை. நாங்கள்தான் முதல் ஆட்கள். மதுரா பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி.

என் கைபேசிக்கு எடுத்து எடுத்துப் பார்த்து, பதிவில் இரண்டாவதாக இருந்த அவளுடைய இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார்கள். நான் ஏன் ரத்துச் செய்தேன், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேனா, அப்படியானால் ஸ்கேன் படங்களை எங்கே அனுப்புவது என்று மருத்துவர் கேட்கச் சொன்னாராம். மதுரா முதலில், “நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள்” என்றாள். பிறகு என் பிறந்த திகதியைச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அஞ்சு நிமிடத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று வைத்தாள்.

ஜெர்மன் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அப்சாகன் என்றால் வரவில்லை என்று ரத்துச் செய்வது. சூசாகன் என்றால் வருகிறேன் என்று உறுதி சொல்வது. சொல்லின் முன்பகுதி மாறிவிட்டால் எல்லாம் தலைகீழ். வந்த புதிதில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் அதில் விழுந்திருக்கிறோம்.

“அம்மா, மாறிச் சொல்லிட்டீங்களா? அப்சாகனும் சூசாகனும் மாறிட்டுதா? ஓம் எண்டு சொல்லுங்கோ.”

கெஞ்சினாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லைப் பிள்ளை. விளங்கித்தான் சொன்னனான்.”

“ஏன்?”

“எனக்கு ஏலாது. அரைச்சுக் குடுத்தவள் நான். அதைத் தின்னுறது என்னெண்டு எனக்குத் தெரியும். உன்னோட கதைக்கேலாமல், வாயால வடிய வடிய... எனக்கு வேண்டாம். என்னை விடு.”

“விடவோ?” எழும்பிவிட்டாள். கதிரை விழுந்தது. “அப்பா செத்தண்டைக்கு நீங்கள் கட்டில்ல படுத்திட்டீங்கள். நான்தான் போனனான். மரணச் சான்றிதழ், காப்புறுதி, பென்சன், வீட்டுக் கொன்ட்ராக்ட், எல்லாத்திலயும் அப்பான்ர பேரை எழுதி ‘இறந்துவிட்டார்’ எண்ட பெட்டியில புள்ளடி போட்டனான். எனக்கு இருவத்தி நாலு வயசு. ஒவ்வொரு பேப்பரிலயும் ஒருக்கா அவரைச் சாகக் குடுத்தனான். இன்னொருக்கா என்னால ஏலாது அம்மா. உங்கட பேரை அந்தப் பெட்டியில எழுத என்னால ஏலாது!”

அவள் இதை எனக்கு ஆறு வருடமாகச் சொன்னதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்து மட்டும் வையுங்கோ என்று தாள்களைக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் வாசிக்காமல் வைப்பேன்.

நாக்கு முழுதாகத்தான் இருந்தது. சொல் ஒன்றும் வரவில்லை.

“எடு” என்றேன் கடைசியில். “ஃபோன் எடு. வாறன் எண்டு சொல்லு.”

வாசலில் போய் நின்று எடுத்தாள். வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்கு அங்கே அலுவலகம் பூட்டிவிடும். அவள் சொன்னது கண்ணாடிக் கதவுக்கூடாக எனக்குக் கேட்டது. “என் அம்மாவுக்கு ஜெர்மன் சரியாக வராது. உறுதிசெய்யத்தான் எடுத்தார். சொல்லை மாறிச் சொல்லிவிட்டார். தயவுசெய்து.” திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். “அவருக்கு மொழி தெரியாது, தயவுசெய்து.”

இரவு வகுப்புக்குப் போய், சோதனையில் ஒருமுறை தவறி, இரண்டாம் முறை சித்தியடைந்து, பத்தொன்பது வருடம் அந்தக் கிழவர்களோடு கதைத்துக் கதைத்துச் சேர்த்த என் ஜெர்மன். அதை என் மகள் அந்த வாசலில் வைத்து விலையாகக் கொடுத்தாள். நான் அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் செல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இடத்தை வியாழனே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இடம் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் கழித்து.

6

எங்கள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சமையலுக்கு உதவி செய்பவள். ஐம்பது வயது மதிக்கலாம்.

“அக்கா, தமிழோ? எங்கயிருந்து வந்தனீங்கள்?”

“ஜெர்மனி.”

“நான் இஞ்ச இருவத்தெட்டு வருசம். கிளிநொச்சி.” விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்தாள். எங்கள் கதை முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பையோடு வந்தாள். “இதுக்கு உறைப்பு இல்லை, புளி இல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

காய்ந்த பெரிய அவரைப் பருப்பைக் கரைய அவித்துக் கடைந்து, மேலே ஒலிவ் எண்ணெய் விட்டிருந்தது. பெருஞ்சீரக இலை வாசம். மாக்கோ என்று பெயராம். அந்த ஊர் ஆட்கள் விரும்பிக் கேட்டுச் சாப்பிடுவார்களாம்.

ஒரு கரண்டி வைத்தேன். நோகவில்லை. இன்னொன்று. கோப்பை முடியும்போதுதான் யோசித்தேன், நான் தின்றது அரைத்த சாப்பாடு என்று. அச்சில் ஊற்றாத, ஒன்றின் வேடமும் போடாத அரைத்த சாப்பாடு. நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ருசி முழுதாகத் தெரிந்தது. இந்த நாக்கை எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை என்று அப்போதுதான் சரியாக விளங்கியது. விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லி அரை மணியும் ஆகவில்லை.

மேசையில் தலையை வைத்து அழுதேன். மதுரா பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினாள். அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நிரப்பிக் கொண்டுவந்து திரும்பவும் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பட்டியலில் மிச்சம் இருந்ததெல்லாம் சாப்பிட்டோம் என்றுதான் சொல்லவேண்டும். சீஸ் அடைத்த குழல் இனிப்பு, ஐஸ்கிறீம் வைத்த பணிஸ், கத்தரிக்காய். நான் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கினேன். மதுரா ஒவ்வொன்றையும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவைத்தாள். ஒன்றுக்கும் சரி போடவில்லை. கடற்கரை வாங்கில் அமர்ந்திருந்தபோது கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து அந்த மூன்று கிழமையை விரலால் எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

7

அந்த மூன்று கிழமையும் தாள்களோடு போனது. பழைய இரத்தப் பரிசோதனை செல்லாது, புதிதாக எடுக்கவேண்டும். காப்புறுதிக்குப் புதிய விண்ணப்பம். மதுரா ஒவ்வொரு நாளும் பானிலிருந்து தொலைபேசி எடுத்து, இடையில் யாராவது வராமல் விட்டால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரிக்காரரிடம் இரந்தாள். ஒருவரும் விடவில்லை. ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். புண் பெருத்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த நாளும் உண்டு, அன்றைக்குப் பார்ப்பதை நிற்பாட்டினேன்.

மூன்றில் ஒரு பங்கு என்று கோடு போட்ட மருத்துவருக்கு, திறந்து பார்த்தபோது பாதிவரை எடுக்கவேண்டி வந்தது. கழுத்திலும் இரண்டு நெறிக்கட்டில் நோய் இருந்தது. அதனால் பிறகு கதிர் சிகிச்சையும் சேர்ந்தது.

நான்காம் நாள் கழுத்தில் குழாயோடு, மூக்கில் குழாயோடு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நித்திரை இல்லை. மருத்துவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று மதுரா அவரிடம் மெதுவாகக் கேட்டாள். ஜெர்மனில்தான்.

“மூன்று கிழமைக்கு முன்னர் செய்திருந்தால்?”

“அதை ஒருவராலும் சொல்ல முடியாது” என்றார். பிறகு, “மூன்று கிழமை ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன்” என்றார்.

அவள் நன்றி சொன்னாள். அவர் போன பிறகு வெகுநேரம் கால்மாட்டிலேயே நின்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வந்து என் கையைப் பிடித்தாள். நான் கண்ணைத் திறந்தேன்.

“அம்மா, டொக்டர் வந்தவர். நான் கேட்டனான். அந்த மூண்டு கிழமையால ஒண்டும் மாறேல்லையாம். முதலே அப்பிடித்தான் இருந்ததாம். நீங்கள் அதை யோசிக்கக்கூடாது, சரியோ?”

கதைக்க முடியாதவர்களுக்கு அங்கே ஒரு சின்னப் பலகை தருவார்கள். அதில் ‘சரி’ என்று ஜெர்மனில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தன் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் அதைப்பற்றிப் பிறகு பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் இதை நான் எங்கேதான் இறக்கிவைப்பது? மதுரா தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பதினொரு வயதில் விட்டவள். அதற்காக அவளோடு எத்தனை சண்டை பிடித்திருப்பேன்!

நேற்று அவள் பானிலிருந்து வந்திருந்தாள். நான் சமையலறை மேசையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா எழுதுறீங்கள்?”

“பலெர்மோ” என்றேன். முதல் தரம் அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பி, கடைசி வரிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.

“உங்கட எழுத்து நல்ல வடிவம்” என்று சொல்லி, திருப்பி என் முன்னால் வைத்தாள்.